வரிக்கு வரி ஹாரிகா

அத்தியாயம் 12

ரவிதேஜா பெங்களூருக்குப் போவானா, மாட்டானா? போன வாரம் இந்தக் கேள்வியைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தானே வெங்கடம்மாள் எழுந்து போனாள். அந்த ஊர்க் கம்பெனிக்காரர்கள் விஜயதசமி மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இளைய மகனோ வாயைத் திறக்கவில்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருந்த வெங்கடம்மாள், சாமிக்கு ஒத்தாசையாகத் தானும் ஒரு காரியம் செய்தாள். ஐ.டி. வேலையில் இருந்த மூத்த மருமகள் ஹாரிகாவைக் கூப்பிட்டு, "நீயும் நம்ம பட்டறைக்கே வந்துரு கண்ணு. ரவி ஒத்தையாக் கெடந்து அல்லாடறான்" என்றாள்.

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஹாரிகா மறுபேச்சில்லாமல் வந்துவிட்டாள். கொழுந்தனுக்குக் கை கொடுத்தால் அவன் ஊரைவிட்டுப் போகமாட்டான் என்ற நம்பிக்கைதான்.

அவள் வந்த மறுவாரமே ஆயுத பூஜை.

கணபதிப் பகுதியில் வீட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் பட்டறை. முன்பு பம்பு செய்தார்கள். இப்போது தேங்காய் தரம் பிரிக்கும் எந்திரம் செய்கிறார்கள். காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வரும். எந்திரம் ஒவ்வொன்றையும் எடை பார்த்து, பெரியதை ஒரு தொட்டியிலும் சிறியதை ஒரு தொட்டியிலும் தள்ளிவிடும். இரும்பு வேலை மாமனார் சென்னகிருஷ்ணனுடையது. ஊர் ஊராகப் போய் விற்பது ஹாரிகாவின் கணவன் சைதன்யா. எந்திரத்தின் மூளையான புரோகிராம் முழுவதும் ரவிதேஜா எழுதியது. மூன்று வருட உழைப்பு.

பூஜையன்று காலையில் பட்டறையே எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல இருந்தது. ஆட்கள் லேத்தின் இண்டு இடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். சென்னகிருஷ்ணன் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தார். லேத், டிரில், வெல்டிங் செட், ஸ்கூட்டர். வீட்டுக்குள் வந்து மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வைத்தார். டி.வி. ரிமோட்டைக் கையில் எடுத்தபோது வெங்கடம்மாள் தடுத்தாள்.

"அது என்ன ஆயுதமுங்க?"

"உன்ற ஆயுதம் இதுதானே அம்மணி. பொழுது சாஞ்சா இதைக் கையில புடிச்சுத்தானே என்னைய ஆட்டி வெக்கற."

ஹாரிகாவும் சிரித்துக்கொண்டே தன் லேப்டாப்பை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே பளபளவென்று ஆகிவிட்டது. உள்ளே?

ரவிதேஜாவின் புரோகிராம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அவள் கண்ணுக்கு அது அவசரத்தில் மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. ஒரு வரி உள்ளே தள்ளி நிற்கும். அடுத்தது விளிம்பில் நிற்கும். ஒரு வரி அவினாசி ரோடு மாதிரி நீண்டுகொண்டே போகும். ஓரிடத்தில் எண்களுக்கு நடுவே காரணமே இல்லாமல் இடைவெளி. அவளுடைய பழைய ஆபீசில் இதற்கென்றே ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார்கள். புரோகிராம் சொல்வதை மாற்றாது. வரிகளை மட்டும் சீவிச் சிங்காரித்து ஒரே ஒழுங்கில் நிறுத்திவிடும்.

எல்லாரும் அவரவர் ஆயுதத்தைச் சுத்தம் செய்கிறார்கள், நாமும் செய்வோம், தம்பி பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். நினைத்ததில் கள்ளம் இல்லை. கேட்காமல் செய்ததுதான் பிசகு.

கருப்புத் திரையைத் திறந்து, பேக்கேஜை நிறுவச் சொல்லி ஒரு வரி தட்டினாள். அது வந்து இறங்கியது. தனியாக வரவில்லை, கல்யாணத்துக்கு வரும் உறவினர் மாதிரி, தனக்கு வேண்டிய குட்டிப் பேக்கேஜுகள் சிலவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு மொத்த புரோகிராமையும் ஒழுங்கு செய்யும்படி இன்னொரு வரி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை கோப்புகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. ஹாரிகா அதைப் பட்டறையின் சர்வருக்கும் அனுப்பிவிட்டு, மாவிலைத் தோரணம் கட்டப் போனாள்.

தோரணம் கட்டி முடிப்பதற்குள் ரவிதேஜா வந்து நின்றான்.

"வதினா, கொஞ்சம் இப்படி வாரீங்களா?"

அண்ணியை அந்த வீட்டில் தெலுங்கு வழக்கப்படி வதினா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். சர்வரில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் பக்கம் அது. இடப்புறம் பெயர், வலப்புறம் வரி. ஹாரிகா கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். ஹாரிகா, ஹாரிகா, ஹாரிகா. எங்கே தள்ளினாலும் ஹாரிகா.

"மூணு வருசமா எழுதுனதுங்க. இன்னிக்குப் பாத்தா என்ற பேர்ல எதுவுமே இல்லீங்களே."

"அய்யோ, நான் எதையும் மாத்தலீங்க தம்பி. எடத்தைத்தான் ஒழுங்கு பண்ணுனேன். கணக்கெல்லாம் அப்படியே இருக்குது."

"தெரியுமுங்க. எந்திரம் ஓடும். அது ஓடறதுக்கு நான் இருக்கோணும்னு இல்லையேங்க." அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். "நானும் போலாமா வேண்டாமான்னு கொழப்பிக்கிட்டு இருந்தனுங்க. இப்பத் தெளிஞ்சுபோச்சு. பெங்களூர்க்காரங்களுக்குச் சொல்லிப்போடறேன்."

அவன் பட்டறைப் பக்கம் போய்விட்டான்.

ஹாரிகா ஓடினாள். லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பேக்கேஜை நீக்கச் சொல்லித் தட்டினாள். நீக்கலாமா என்று அது மரியாதையாகக் கேட்டது. ஆமாம் என்று ஒரே குத்து குத்தினாள். போய்விட்டது. கூட்டிவந்த குட்டிப் பேக்கேஜுகளை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனது.

ஆவலாகக் கோப்பைத் திறந்தாள். வரிகள் சீவிவிட்டபடியேதான் இருந்தன. பெயரும் ஹாரிகாவேதான்.

பதற்றத்தில் படித்தவர்களுக்கும் புத்தி இப்படித்தான் வேலை செய்யும். முடி வெட்டுகிறவரை வெளியே அனுப்பிவிட்டால் வெட்டின முடி வளர்ந்துவிடுமா? பழைய பிரதியை எடுத்து மேலே போடலாம். ஆனால் போடுகிறவள் அவள். அப்போதும் எல்லா வரியிலும் அவள் பெயர்தான் ஏறும். நடந்ததையே அழித்துவிடலாம் என்றால், சர்வரில் யாரும் எதையும் அழிக்கக்கூடாது என்று ரவிதேஜா பூட்டு போட்டு வைத்திருந்தான்.

வேறு வழி உண்டா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெங்கடம்மாள் வந்து லேப்டாப்புக்குக் கை நீட்டினாள்.

"குடு கண்ணு, கற்பூரம் காட்டப் போறாங்க. உன்றது மட்டுந்தான் பாக்கி."

"அத்தை, அஞ்சே நிமிசம்..."

"ராகுகாலம் நமக்காக அஞ்சு நிமிசம் நிக்குமா?"

லேப்டாப் ஒரு பொட்டோடும் ஒரு செவ்வந்திப் பூவோடும் சரஸ்வதியின் காலடியில் போய் உட்கார்ந்தது. இனி நாளைக் காலை வரைக்கும் அதை யாரும் தொடமாட்டார்கள். லேத்தும் ஓடாது, சுத்தியலும் தட்டாது. வருடத்தில் அந்த ஒரு நாள் ஆயுதங்களுக்கு ஓய்வு. போனை மட்டும் யாரும் பூஜையில் வைப்பதில்லை. எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆயுதம் அதுதான் என்பது சாமிக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

பூஜை முடிந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆட்களெல்லாம் பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு கலகலவென்று கிளம்பினார்கள். அந்தியூர்ப் பக்கம் போயிருந்த சைதன்யா, ராத்திரிதான் வருவேன் என்று போன் செய்தான். ஹாரிகா சமையலறையில் சுண்டல் சட்டியைக் கிளறிக்கொண்டே நின்றாள். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

"என்ன கண்ணு, ஆறிப்போன சுண்டலைப் போட்டு இந்தக் கிளறு கிளறற?" என்று கேட்டாள் வெங்கடம்மாள்.

ஹாரிகா நடந்ததைச் சொன்னாள். மாமியாருக்குப் பேக்கேஜும் சர்வரும் புரியவில்லை. மற்றது புரிந்தது.

"அவன் ரூமை நீ கூட்டிப் பெருக்கிப்போட்ட. அவனைக் கேக்கல. அப்படித்தானே?"

"அப்படித்தானுங்க அத்தை. கம்ப்யூட்டரை மட்டும் இப்ப எடுத்தா ஏதாச்சும்..."

"சாமி காலடியில இருக்கறதை எடுக்க வேண்டாம். மன்னிப்புக் கேக்கறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு கண்ணு? வாயைப் பூஜையில வெக்கலையல்ல?"

சொல்லிவிட்டு ஒரு தட்டில் சுண்டலும் பொரியும் போட்டு மருமகள் கையில் கொடுத்தாள்.

பட்டறையில் சத்தமே இல்லை. தரம் பிரிக்கும் எந்திரம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிமேல் ரவிதேஜா உட்கார்ந்திருந்தான். ஹாரிகா தட்டை நடுவில் வைத்துவிட்டு இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கேக்காமச் செஞ்சது தப்புங்க. ஆயுத பூஜைன்னு ஆளாளுக்கு அவங்கவங்க ஆயுதத்தைத் தொடைச்சாங்க. நான் மட்டும் அடுத்தவங்க ஆயுதத்தைத் தொடைச்சுப்போட்டேன். அதுல என்ற பேரு வேற ஏறிப்போச்சு. உங்க வேலையை எடுத்துக்கறதுக்கு நான் வரலீங்க. நீங்க போகக்கூடாதுன்னுதான் வந்தேன்."

ரவிதேஜா ஒரு பிடி பொரியை அள்ளினான்.

"பேரு கெடக்குதுங்க வதினா. அதுகூட ரெண்டு நாள்ல மறந்துருவேன். அந்த எடைப் பட்டியலை நெருக்கிப்போட்டீங்க பாருங்க, அதுதான்..."

எந்த எடைக் காய் எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் அது. அதற்கென்று தனியாக ஒரு திரை செய்ய அவர்களுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை. வாடிக்கையாளர் அளவை மாற்றச் சொன்னால், புரோகிராமையே திறந்து, அந்தப் பட்டியலில் எண்ணை மாற்றிக் காட்டுவதுதான் பட்டறையின் பழக்கம். அதைச் செய்வது சைதன்யா.

"அதுல எதுக்குங்க தம்பி அத்தனை இடைவெளி? ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் நடுவுல ஒரு ஆளே பாய் விரிச்சுப் படுத்துக்கலாமாட்ட இருந்துச்சு."

"அது அண்ணனுக்குங்க."

"எந்த அண்ணனுக்கு?"

"நம்ம அண்ணனுக்குத்தானுங்க. எண்ணோ எழுத்தோ நெருக்கமா இருந்தா அவருக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். சின்னதுல இருந்தே அப்படித்தான். ஸ்கூல்ல மக்குன்னே முடிவு கட்டிப்போட்டாங்க. நான்தான் எல்லாத்தையும் தள்ளித் தள்ளிக் கொட்ட எழுத்துல எழுதிக் குடுப்பேன். அப்பக் கடகடன்னு படிச்சுருவாரு." சட்டென்று நிறுத்தினான். "உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

ஹாரிகா இல்லை என்று தலையசைத்தாள். ரவிதேஜா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க வதினா. நாளைக்குக் கிணத்துக்கடவுப் பொங்கியண்ணன் எந்திரத்தைப் பாக்க வாராரு. அண்ணன் பட்டியலைத் தொறந்து, நாலு பேர் முன்னால முழிச்சுப்போட்டு நின்னா... அதை நெனச்சுத்தான் எனக்கு ஆத்தாமை பொங்கிருச்சுங்க."

ஹாரிகா எந்திரத்தையே பார்த்தாள். மொத்த புரோகிராமிலும் அவள் கண்ணுக்கு மிகவும் அலங்கோலமாகத் தெரிந்தது அந்தப் பட்டியல்தான். நம் கண்ணுக்கு ஒழுங்கில்லாமல் தெரிகிற இடம், சில நேரம் ஒருவர் இன்னொருவருக்காக ஒதுக்கி வைத்த இடமாக இருந்துவிடுகிறது. கடவுள் அதைப் பார்க்கிறார். துடைப்பம் அதைப் பார்ப்பதில்லை.

"தம்பி, நாளைக்குக் காலையில பூஜை பிரிச்சதும் ரெண்டையும் சரி பண்ணிரலாமுங்க" என்றாள். "பட்டியலுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு குறிப்பு எழுதி வெச்சாப் போதும், இந்த எடத்துல கை வெக்காதேன்னு. அந்தப் பேக்கேஜ் அதைக் கண்டா ஒதுங்கிப் போயிரும். நான்தான் அவசரத்துல நெனைக்கல."

"பேரு? அழிக்கத்தான் முடியாதுங்களே."

"அழிக்க வேண்டாமுங்க. இது வெறும் ஒழுங்கு பண்ணுன வேலை, பேரு காட்டறப்ப இதைத் தாண்டிப் பாருன்னு சர்வருக்குச் சொல்லி வெக்கறதுக்கும் வழி இருக்குது. நம்மளாட்டமே எங்கயோ ஒரு ஊட்டுல சண்டை வந்திருக்கும். அதைப் பாத்துப்போட்டுத்தான் எவனோ புண்ணியவான் செஞ்சு வெச்சிருப்பான்."

ரவிதேஜா இந்த முறை நிஜமாகவே சிரித்தான்.

"அப்ப, பெங்களூரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குதுங்க. மொதல்ல அந்தச் சுண்டலை இப்படித் தள்ளுங்க, நீங்களே காலி பண்ணிப்போடுவீங்களாட்ட இருக்குது."

விஜயதசமி காலை. வெங்கடம்மாள் கற்பூரம் காட்டி, லேப்டாப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றி மருமகளிடம் கொடுத்தாள். ஹாரிகா அதை ரவிதேஜாவிடம் நீட்டினாள்.

"நீங்களே பண்ணுங்க தம்பி. நல்ல நாளு, புதுசா ஒண்ணு கத்துக்குங்க."

அவன் பொட்டு அழியாமல் மூடியைத் திறந்தான். நேற்று வந்து போன அதே பேக்கேஜை மறுபடி அழைத்தான். அதன் துணைகள் ஏற்கெனவே இங்கே இருந்ததால் இந்த முறை அது மட்டும் வந்தது. பழைய பிரதியிலிருந்து எடைப் பட்டியலை எடுத்து, தன் பெயர் போட்டு அதனிடத்தில் வைத்தான். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"காவல் குறிப்பு ரெண்டும் நீங்க எழுதுங்க வதினா."

அவள் தன் பெயரில் பட்டியலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதினாள். பேக்கேஜை ஓடவிட்டார்கள். அது எல்லா வரிகளையும் பார்த்துக்கொண்டு வந்து, பட்டியலை மட்டும் தொடாமல் தாண்டிப் போனது. எண்கள் விசாலமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. கடைசியாக, நேற்றைய வேலையைத் தாண்டிப் பார்க்கச் சொல்லும் குறிப்பையும் போட்டார்கள். ரவிதேஜா பெயர்ப் பக்கத்தைத் திறந்தான்.

ரவிதேஜா, ரவிதேஜா, ரவிதேஜா. எடைப் பட்டியலுக்கு மேலே ஒரு வரியிலும் கீழே ஒரு வரியிலும் மட்டும் ஹாரிகா.

"அது அங்கயே இருக்கட்டுமுங்க" என்றான் அவன்.

வாசலில் கார் வந்து நின்றது. பொங்கியண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினார். கூடவே ஒரு மூட்டைத் தேங்காயும் இறங்கியது. "நம்ம தோப்புக் காயிலயே பாத்தறலாமுங்க. ஊரான் காயை நம்பி எந்திரம் வாங்கலாமுங்களா?"

சைதன்யா திரைமுன் நின்று பட்டியலைத் திறந்தான். ஒவ்வொரு அளவாகக் கணீரென்று படித்தான், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பொங்கியண்ணன் நடுத் தொட்டியின் அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். சைதன்யா எண்ணை மாற்றினான். காய்கள் உருண்டன. தொட்டி தொட்டியாகப் பிரிந்து விழுந்தன. பொங்கியண்ணன் ஒரு காயை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். சென்னகிருஷ்ணன் யாரும் பார்க்காதபோது எந்திரத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"எனக்குத் திருப்திங்க" என்ற பொங்கியண்ணன், சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "எம்பட பையன் மனோஜ்குமார் ஒப்பந்தம் அடிச்சுக் குடுத்திருக்கறானுங்க. ஒருக்காப் படிச்சுச் சொல்லிப்போடுங்க. சரின்னா இந்த நல்ல நாள்லயே கையெழுத்துப் போட்டறலாம்."

தாள் முழுக்கப் பொடி எழுத்து. எறும்பு நுழைய இடமில்லை. சைதன்யா அதை வாங்கி, ஒரு கணம் பார்த்து, முகம் மாறாமல் சிரித்தான்.

"நல்ல நாள்ல மகாலட்சுமி படிச்சாத்தானுங்க ராசி. ஹாரிகா, நீ படி."

எத்தனையோ தடவை அவன் இப்படிச் சொல்லியிருக்கிறான். ஹாரிகா அதைச் செல்லம் என்றே நினைத்து வந்திருந்தாள். இன்று தாளை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் கடகடவென்று ஓடவில்லை. ஒரு விஷயத்தைப் படித்தாள், நிறுத்தினாள். அடுத்ததைப் படித்தாள், நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் ஆள் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள். சைதன்யா ஒவ்வொன்றாக வாங்கி, தலையசைத்து, ஓரிடத்தில் "சப்ளை தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடோணுமுங்க" என்று சரியாகப் பிடித்தான். பொங்கியண்ணன் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது இடைவெளியில் சைதன்யா நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்தான்.

ரவிதேஜா ஒரு தேங்காயைக் காதருகில் வைத்து, தண்ணீர் இருக்கிறதா என்று மும்முரமாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைமேல் அவனுடைய போன் அடித்தது. பெங்களூர் எண். அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவன் தேங்காயைக் கீழே வைக்கவில்லை.

"மேல படி" என்றான் சைதன்யா.

ஹாரிகா அடுத்த வரியைப் படித்தாள். மெதுவாக.